அடைக்கு உட்காரும் கோழி

எங்கள் பக்கத்தில் கோழி என்று சொன்னாலே அது சிறுவிடைதான். மானாமதுரையைச் சுற்றி, வைகைக் கரையை ஒட்டிய ஊர்களில், ஓட்டு வீடோ குடிசையோ, பின்வாசல் என்று ஒன்று இருந்தால் அங்கே நாலைந்து சிறுவிடைகள் கிளறிக்கொண்டிருக்கும். பெருவிடை என்ற இனமும் உண்டு. கால் உயர்ந்து, கழுத்து நீண்டு, சண்டைக்கென்று வளர்க்கப்படுவது. அதை ஆண்கள் காலில் கயிறு கட்டி, தனித் தீனி கொடுத்து, தனியாக வளர்ப்பார்கள். சிறுவிடை பெண்களின் கோழி. அடுப்படி வரை வரும். அரிசி களைந்த தண்ணீர் எங்கே ஊற்றப்படும் என்று அதற்குத் தெரியும். பெட்டை ஒன்று முதல் ஒன்றரை கிலோ எடை இருக்கும், சேவல் இரண்டு கிலோவை எட்டினால் அதிகம். முட்டையும் சிறியது, இளம் பழுப்பு ஓடு. ஆண்டுக்கு 100 முட்டையைத் தொடுவது அரிது.

இந்தக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் யாரும் இந்தக் கோழியை வளர்க்க மாட்டார்கள். நான் வளர்க்கிறேன். என் அப்பத்தா வளர்த்தார். அவர் எப்படி வளர்த்தார் என்பதைச் சொன்னால்தான் நான் ஏன் வளர்க்கிறேன் என்பதும் விளங்கும்.

1970-களில் அப்பத்தாவின் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு வேம்பு, ஓரமாக ஒரு குப்பைக்குழி. கோழிக்கென்று தனிக் கொட்டகை கிடையாது. பொழுது சாய்ந்ததும் வேம்புக்கு அடியில் கோழிகள் தாமாகவே வந்து கூடும். அப்பத்தா பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஒரு அம்மிக்கல் துண்டை வைப்பார். மழைக்காலத்தில் அதே பஞ்சாரம் திண்ணைக்கு வந்துவிடும். விடியலில் கல்லை எடுத்ததும் முதலில் சேவல் வெளியே வந்து இறக்கையை அடித்துக்கொள்ளும். பெட்டைகள் நேரே குப்பைக்குழிக்குப் போகும்.

முட்டையும் குஞ்சும் விற்ற காசு அப்பத்தாவின் சுருக்குப்பைக்குள்தான் போகும். தாத்தாவுக்கு அதில் பங்கில்லை, கேட்கவும் மாட்டார். வயல் வருமானம் கடனுக்கும் கந்தாயத்துக்கும் போய்விடும். எங்களுக்கு நோட்டுப் புத்தகமும் திருவிழாவுக்கு வளையலும் கோழிக்காசில் வந்தவை. ஊரில் பல வீடுகளில் இதுதான் நிலை. ஒரு பெண் யாரிடமும் கேட்காமல் செலவழிக்கக்கூடிய பணம் என்று அந்தக் காலத்தில் ஒன்று இருந்ததென்றால் அது பின்வாசலில் இரை பொறுக்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தில் கருப்பி என்று ஒரு பெட்டை இருந்தது. உடம்பெல்லாம் கருப்பு, வெயில் பட்டால் இறகில் பச்சை மின்னும். கொண்டை சிறியது, கால் ஈயநிறம். மதியச் சாப்பாடு முடிந்து அப்பத்தா வெற்றிலைப் பெட்டியோடு திண்ணையில் அமர்ந்தால், கருப்பி அவர் காலடிக்கு வந்து நிற்கும். தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அண்ணாந்து பார்க்கும். பிறகு ஒரு தாவலில் மடியில் ஏறிவிடும். அவர் அதன் கழுத்துக்குக் கீழே இரண்டு விரலால் கோதிவிட, இமை கீழிருந்து மேலாக மெல்ல ஏறிக் கண்ணை மூடும். தொண்டைக்குள் ஒரு தாழ்ந்த ஒலி உருளும். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொல்வார். இறகுக்கு அடியில் அந்தச் சூடும், விரைவாகத் துடிக்கும் நெஞ்சும் இன்றைக்கும் என் விரலில் இருக்கின்றன.

“தாயி, பதறாமப் போ. நீ ஓடுனா அது ஓடும். கோழி நம்ம மொகத்தப் பாக்காது, கையத்தான் பாக்கும்,” என்பார்.

அதுதான் முதல் பாடம். மேலிருந்து பாய்ந்து பிடிக்கும் கையைக் கோழி பருந்தாகவே எண்ணும். தாழ்வாக, பக்கத்திலிருந்து, தீனியோடு வரும் கையை நம்பும். அப்பத்தா நின்றுகொண்டு ஒருபோதும் கோழியைப் பிடித்ததில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, “பா… பா… பா…” என்று ஒரே ராகத்தில் கூப்பிட்டு, உள்ளங்கையில் நொய்யை வைத்துக் காத்திருப்பார். தினமும் அதே நேரம், அதே குரல். விற்கவோ அறுக்கவோ வேண்டிய கோழியை அந்தக் குரலில் கூப்பிட்டுப் பிடிக்கவே மாட்டார். அதை ராத்திரி பஞ்சாரத்திலிருந்து எடுப்பார். அந்த அழைப்பில் பொய் கலக்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த நெறி.

இரண்டாவது பாடத்தைக் கருப்பியிடமே கற்றேன். அதன் குஞ்சுகள் மட்டும் மற்றக் குஞ்சுகளைப் போல ஆளைக் கண்டு சிதறாது. தாய் அமைதியாக நின்று கையில் கொத்தினால், இரண்டு நாள் குஞ்சும் அதன் காலுக்கு இடையிலிருந்து எட்டிப் பார்த்துத் தானும் கொத்தும். தாய் மிரண்டால் குஞ்சும் மிரளும். எது இரை, எது விஷம், யாரை நம்பலாம் என்ற அத்தனையையும் குஞ்சு முதல் சில வாரங்களில் தாயிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. சிறுவிடையின் சாதுவான குணம் என்று எல்லோரும் சொல்வதில் இரத்தத்துக்கு ஒரு பங்கு உண்டு. தாய்ச்சூட்டில் வளர்ந்த வளர்ப்புக்கும் சம பங்கு உண்டு என்பது என் அனுபவம்.

அதனால்தான் அடை வைப்பது எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய காரியமாக இருந்தது. பத்துப் பதினைந்து முட்டை இட்டு முடித்த பெட்டை, ஒருநாள் கூடையை விட்டு எழுந்திருக்காது. கையை நீட்டினால் இறகை முள்ளம்பன்றி முள்ளாகச் சிலிர்த்துக்கொண்டு ‘கிர்ர்’ என்று சீறும். நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். முட்டைமேல் தோல் நேராகப் படியவும் சூடு குறையாமல் இறங்கவும் அது செய்யும் ஏற்பாடு அது. கொஞ்சிய கோழியா இது என்று தோன்றும். அப்பத்தா முகத்தில் அன்று தனிக்களை வந்துவிடும்.

முதலில் முட்டைகளைப் பொறுக்குவார். ஒரு வாரம், பத்து நாளுக்கு உட்பட்ட முட்டைகள் மட்டும். ரொம்பப் பெரியதும் வேண்டாம், ஓடு கரடுமுரடானதும் வேண்டாம். பெட்டையின் இறக்கைக்குள் அடங்கும் அளவுக்கு ஒன்பதோ பதினொன்றோ, ஒற்றைப்படையாக. அகலக் கூடையில் ஆற்றுமணலும் சாம்பலும் பரப்பி, கோழிப்பேன் வராமலிருக்க வேப்பிலை தூவி, மேலே வைக்கோலைக் குழிவாக அமைப்பார். ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு அடுப்புக்கரி, ஒரு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் கரு கலங்காமலிருக்க அது காவல் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. விளக்கு வைத்த பிறகு, வீட்டுக்குள் குலுக்கைக்கு ஓரமாக இருட்டு மூலையில் கூடையை வைத்து, கோழியைத் தூக்கி மெதுவாக இறக்குவார்.

அதன் பிறகு 21 நாள். கோழி பகலில் ஒருமுறை எழுந்து, அவசரமாக இரை தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, முட்டை ஆறுவதற்குள் திரும்பிவிடும். அலகால் முட்டைகளை ஓயாமல் புரட்டிக்கொண்டே இருக்கும். கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அப்படிப் புரட்ட வேண்டும் என்று பிற்பாடு படித்தேன். இன்குபேட்டர் இயந்திரங்கள் 37.5 டிகிரி வெப்பத்தில் மோட்டார் வைத்துச் செய்வதை, ஒன்றரை கிலோப் பறவை மூன்று வாரம் அரைப்பட்டினியில் இருந்து செய்கிறது. ஏழாம் நாள் இரவில் அப்பத்தா ஒவ்வொரு முட்டையாக எடுத்து டார்ச் விளக்கின் முன் பிடிப்பார். கரு கூடியிருந்தால் சிவந்த நரம்புகள் கிளை கிளையாகத் தெரியும். வெளிச்சம் தெளிவாக ஊடுருவினால் அது கூமுட்டை, எடுத்துவிடுவார்.

இருபதாம் நாள் கூடையருகே காதை வைத்தால் ஓட்டுக்குள்ளிருந்து சன்னமான கீச்சொலி கேட்கும். தாய் கொக்கொக் என்று தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். வெளியே வருவதற்கு முன்பே அவற்றுக்குள் பேச்சுத் தொடங்கிவிடுகிறது. பிறகு முட்டையின் அகன்ற முனைப் பக்கம் ஓட்டில் ஒரு சிறு விரிசல். குஞ்சின் மேல் அலகு நுனியில் மணல் பருக்கையளவு ஒரு வெள்ளை முனை இருக்கும், ஓட்டை உடைப்பதற்காகவே அமைந்தது. பொரித்த சில நாளில் அது உதிர்ந்துவிடும். உடைத்து, ஓய்ந்து, மறுபடி உடைத்து, வட்டமாக ஓட்டைத் திறக்க மணிக்கணக்காகும். உதவி செய்யக் கை பரபரக்கும். அப்பத்தா விடமாட்டார். உள்ளே இரத்த நாளங்கள் வற்ற வேண்டும், மஞ்சள்கரு வயிற்றுக்குள் இழுத்து முடிய வேண்டும். அந்த மஞ்சள்கருதான் வெளியே வந்த குஞ்சுக்கு இரண்டு நாளுக்கு மேல் உணவு. முதலில் பொரித்தவை கடைசிக் குஞ்சு வரும்வரை பசியின்றிக் காத்திருக்க அதுவே காரணம்.

குஞ்சு இறங்கியதும் எனக்கு ஒரு வேலை வரும். கறையான் எடுப்பது. மானாமதுரையில் மண்பாண்டத்துக்குப் பஞ்சமில்லை. விளிம்பு உடைந்த பானை ஒன்றில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, வைக்கோல் ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாட்டமுள்ள இடமாகப் பார்த்துச் சாயங்காலம் கவிழ்த்து வைப்போம். காலையில் பானையைத் தூக்கினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளியும். முறத்தில் தட்டியதும் தாய்க்கோழி விரைந்து வரும். ஆனால் தான் தின்னாது. அலகால் ஒன்றை எடுத்துக் கீழே போட்டு, மறுபடி எடுத்துப் போட்டு, ‘க்ளக் க்ளக்’ என்று கூப்பிடும். குஞ்சுகள் தின்று அடங்கிய பிறகே தனக்கு. பசியோடு மூன்று வாரம் இருந்த பறவை அது. இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சாதாரணமாகத் தோன்றியதில்லை.

வானத்தில் வல்லூறு தெரிந்தால் தாய் எழுப்புவது இழுத்த, மெல்லிய ஒரு கூவல். கீரியோ பூனையோ தரையில் வந்தால் வேறு குரல், வெட்டி வெட்டிக் கேறும். முன்னதற்குக் குஞ்சுகள் இருந்த இடத்திலேயே பதுங்கும் அல்லது புதருக்குள் நுழையும். பின்னதற்குத் தலையைத் தூக்கி, திசை பார்த்து விலகும். கோழிகளுக்கு இப்படி இருவகை எச்சரிக்கை ஒலி உண்டு என்பதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் கொல்லையில் அது பாடத்திட்டம். அந்தப் பாடம் படிக்காத குஞ்சு திறந்த வெளியில் பிழைக்காது.

நல்லதை மட்டும் சொல்லி முடிக்க முடியாத வாழ்க்கை அது. ஒரு மாசி மாதத்தில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. முதலில் ஒரு கோழி இறக்கையைத் தொங்கப்போட்டு ஓரமாக நின்றது. சுண்ணாம்பும் பச்சையும் கலந்த கழிச்சல். கழுத்து முறுக்கிக்கொண்டது. அப்பத்தா கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் அரைத்து உருண்டை பிடித்து ஒவ்வொன்றுக்கும் ஊட்டினார். இரவெல்லாம் பஞ்சாரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தார். சில நாளில் கொல்லை காலியானது. ஊரிலும் அப்படித்தான். கருப்பியும் போயிற்று. முருங்கைக்கு அடியில் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அப்பத்தா அன்று சமைக்கவில்லை.

அந்த நோய்க்கு உலகம் வைத்த பெயர் நியூகாசில் நோய். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டறியப்பட்டது. இமயமலை நகரமான ராணிகேத்தில் தென்பட்டதால் இந்தியாவில் ராணிகேத் நோய் என்கிறார்கள். இது வைரஸ் நோய். வந்த பிறகு தீர்க்க மருந்து கிடையாது, வருமுன் தடுக்க மட்டுமே முடியும். இன்று என் குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நாலாம் வாரம் லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஆர்2பி ஊசி. தமிழக அரசின் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் புறக்கடைக் கோழிகளுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. வெயில் ஏறுவதற்கு முன் அந்த ஊசி போட்டுவிட்டால் மாசி பங்குனியைத் தைரியமாகக் கடக்கலாம். நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு, ஊசி வேண்டாம் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் அந்த மாசி மாதத்தைச் சொல்கிறேன். வறட்சியையும் வெயிலையும் அரைத்தீனியையும் இந்தக் கோழி தாங்கும். இந்த வைரஸை அதனால் தாங்க முடியாது.

கொல்லை காலியான பிறகு மறுபடி கோழி வந்த விதத்தை நான் மறக்கவே மாட்டேன். எங்கள் பக்கத்தில் வாரத்துக்கு விடுவது என்று ஒரு முறை உண்டு. கோழி உள்ளவர் ஒரு விடைக்கோழியை இல்லாதவர் வீட்டில் விடுவார். அது அடையிருந்து பொரிக்கும் குஞ்சில் பாதி கொடுத்தவருக்கு, பாதி வளர்த்தவருக்கு. காசு கைமாறாது. ஆற்றுக்கு அக்கரை ஊரில் நோய் பரவவில்லை. அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த என் அத்தை ஒரு செவலைப் பெட்டையைச் சேலை முந்தியில் சுற்றி, இடுப்பில் வைத்து, ஆற்று மணலைக் கடந்து நடந்தே கொண்டுவந்தார். ஒரே பெட்டை. அது அடைக்கு உட்கார்ந்ததால் அப்பத்தாவின் கொல்லை மறுபடி நிறைந்தது. வேறு வீடுகளுக்கு அங்கிருந்து வாரக்கோழிகள் போயின.

பிறகு படிப்பு, வேலை, திருமணம் என்று நான் ஊரைவிட்டு வெகுகாலம் போய்விட்டேன். 1990-களில் பிராய்லர் கடைகள் எங்கள் சந்தைச் சாலை வரை வந்தன. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைக் கடக்கும் கோழியோடு, ஆறு மாதத்தில் ஒன்றரைக் கிலோ எட்டும் சிறுவிடைச் சேவல் சந்தையில் போட்டியிட முடியாது. ஆண்டுக்கு 300-க்கு மேல் இடும் நாமக்கல் பண்ணைக் கோழியோடு அதன் முட்டையும் போட்டியிட முடியாது. அந்தப் பண்ணைக் கோழியின் மூதாதையான வெள்ளை லெகார்னிடமிருந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நீக்கப்பட்ட குணங்களில் முதன்மையானது அடைக்கு உட்காருவது. அடையிருக்கும் கோழி முட்டையிடாது, ஆகவே அந்தக் குணம் நட்டம். ஹைதராபாத்தின் கோழி ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடைக்கென்றே உருவாக்கிய வனராஜா, கிராமப்ரியா ஆகியவை நல்ல கோழிகள், பல ஏழைக் குடும்பங்களுக்கு வருமானம் தந்தவை. அவையும் அடைக்கு உட்காருவது அரிது. ஒவ்வொரு முறையும் குஞ்சைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அக்கரையிலிருந்து முந்தியில் சுற்றி வந்த ஒரு பெட்டை ஒரு தெருவையே நிரப்புவது அங்கே நடக்காது.

பணி ஓய்வுக்குப் பிறகு ஊர்ப்பக்கம் சிறு வீடு கட்டியதும் நான் முதலில் தேடியது சிறுவிடை. நாட்டுக்கோழி என்று எழுதி விற்ற இடங்களில் கிடைத்தவை பெரும்பாலும் கலப்பினம். கடைசியில் மழையை நம்பியிருக்கும் உட்கிராமங்களில், ஆடு மேய்க்கும் பெண்களிடம் கிடைத்தது. நான் விசாரித்தது நிறத்தையோ எடையையோ அல்ல. “இதோட தாய் அடைக்கு உக்காந்துச்சா, குஞ்ச எத்தன நாளு கூட்டித் திரிஞ்சுச்சு?” என்று கேட்டேன். கேள்வி அவர்களுக்கு உடனே பிடித்துப்போனது. ஒவ்வொருவரும் தம் கோழிகளின் தாய், பாட்டி வரை சொன்னார்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வம்சாவளி அவர்கள் வாயில் இருக்கிறது.

இப்போது என் கொல்லையில் எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கில் ஒரு கூட்டம் இருக்கிறது. நெருங்கிய இரத்தம் சேராமலிருக்க, சேவலை அவ்வப்போது வேறு ஊர்ச் சேவலோடு மாற்றிக்கொள்கிறேன். நன்றாக அடையிருந்து, குஞ்சைக் கூட்டிக் காத்து, ஆளைக் கண்டு மிரளாத பெட்டையின் முட்டைகளைத்தான் அடுத்த அடைக்கு வைக்கிறேன். முட்டை அதிகமிடும் கோழியைத் தேர்ந்தெடுக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். அந்த ஆசையில்தான் தாய்க்கோழிகள் குறைந்தன. என் பேத்தி வந்தால் குத்தவைத்து உட்கார்ந்து “பா… பா…” என்று கூப்பிடப் பழகியிருக்கிறாள். கீரி நிறப் பெட்டை ஒன்று அவள் முழங்காலில் ஏறி நிற்கும்.

வளர்க்க வேண்டும் என்று கேட்டு வருபவர்களுக்கு நான் தனிக் குஞ்சு கொடுப்பதில்லை, முட்டையும் கொடுப்பதில்லை. முதல் அடையைக் கண்ட இளம் பெட்டையை வாரத்துக்கு விடுகிறேன். குஞ்சில் எனக்கு வர வேண்டிய பாதியை எனக்குத் தர வேண்டாம், அதே நிபந்தனையில் இன்னொரு வீட்டுக்கு விட வேண்டும் என்பது மட்டும் பேச்சு. தடுப்பூசி நாளை எழுதிக் கொடுக்கிறேன். சிறுவிடையை ஆராய்ச்சிப் பண்ணைகள் காக்கலாம், அரசுத் திட்டங்கள் காக்கலாம், அவை வரட்டும். ஆனால் இந்த இனம் இதுவரை பிழைத்தது பெண்கள் கைமாற்றிக்கொண்ட அடைக்கோழிகளால். பின்வாசலும் ஒரு பிடி நொய்யும் இருக்கிற எந்த வீட்டிலும் அதைத் தொடரலாம். இந்தத் தையில் எங்கள் தெருவில் மூன்று வீட்டார் கேட்டிருக்கிறார்கள். பெட்டைகள் தயாராக இருக்கின்றன.